அரை கிலோ மிக்சர்ல 14 கிராம் குறையுது, கேஸ் போடலாமா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கங்க. இந்த வாரம் ஒரே ஒரு கேள்வியத்தான் எடுத்துக்கப் போறேன், ஏன்னா இதே விஷயத்தை சுத்தி சுத்தி ஏழெட்டு பேரு கேட்டிருக்கீங்க, அதுல ஈரோட்டுப் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்காங்க, அதுல தான் விவரம் எல்லாம் தெளிவா இருக்கு. நல்ல கோவத்துல பேசியிருக்காங்க, கோவப்படறதுல தப்பும் இல்ல.

அவங்க சொன்னதை சுருக்கமா சொல்லிடறேன். மளிகைக்கடைல அரை கிலோ மிக்சர் பாக்கெட் ரெண்டு வாங்கியிருக்காங்க. கேக் செய்யறதுக்காக வீட்ல ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்கி வெச்சிருக்காங்களாம், சும்மா விளையாட்டா ஒரு பாக்கெட்டைத் தூக்கி வெச்சா 491 காட்டியிருக்கு. சரின்னு பிரிச்சு டப்பால கொட்டிட்டு வெறும் கவரைப் போட்டா 5 கிராம். ஆக உள்ள இருந்தது 486. கவர் மேல 500 கிராம்னு அடிச்சிருக்கு. கடைக்காரர்கிட்ட கேட்டா "நானாம்மா பேக் பண்றேன், கம்பெனில கேளு"ங்கறாராம். கம்பெனி நம்பருக்குப் போட்டா எடுக்கல. ஃபுட் சேஃப்டி ஆபீசுக்குப் போன் பண்ணா எடை எங்க வேலை இல்லைன்னு சொல்லிட்டாங்களாம். "அப்ப 14 கிராம் திருடினா கேக்க ஆளே இல்லையா சார், நான் கேஸ் போட முடியுமா முடியாதா?" இதான் கேள்வி.

ஆள் இருக்கும்மா. நானே அந்த வேலைல தான் இருந்து ரிட்டயர் ஆனவன். ஆனா நீங்க எதிர்பாக்கற மாதிரி நேரா "ஆமா, போடுங்க கேஸ்"னு சொல்ல முடியல. கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

மொதல்ல அந்த ஃபுட் சேஃப்டி விஷயம். அவங்க சொன்னதுல தப்பில்ல. சாப்பாட்டுல கலப்படம், கெட்டுப் போனது, தேதி தாண்டினது, லைசென்ஸ் நம்பர் இல்லாதது இதெல்லாம் அவங்க பாக்கறது. எடை குறையறது வேற சட்டம், சட்டமுறை எடையளவு சட்டம் 2009. லீகல் மெட்ராலஜின்னு சொல்லுவாங்க. 2011 ஏப்ரல்ல நடைமுறைக்கு வந்துச்சு, அதுக்கு கீழ பொட்டலப் பொருட்கள் விதிகள் 2011னு ஒண்ணு இருக்கு. கேரளாவுல இதுக்குன்னே தனி டிபார்ட்மென்ட் இருக்கு, நம்ம தமிழ்நாட்டுல தொழிலாளர் துறைகிட்ட குடுத்திருக்காங்க. அதனால தான் யாருக்கும் தெரியறதில்ல. லேபர் ஆபீஸ்னா சம்பளப் பாக்கி, போனஸ், குழந்தைத் தொழிலாளர் இதுக்குத்தான்னு நினைப்பாங்க, கடைத் தராசுக்கு முத்திரை போடற இன்ஸ்பெக்டரும் அந்த ஆபீஸ்ல தான் உக்காந்திருப்பாருன்னு பாதிப் பேருக்குத் தெரியாது. நீங்க போக வேண்டிய இடம் உங்க மாவட்டத்துல இருக்கற தொழிலாளர் உதவி ஆணையர், அமலாக்கம்னு போர்டு போட்ட ஆபீஸ். நேர்ல போக முடியலன்னா டிஎன்-எல்எம்சிடிஎஸ்னு தமிழ்நாடு அரசோட ஆப் ஒண்ணு இருக்கு, அதுல போடலாம், இல்ல 1915ன்னு தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், அதுக்கு கூப்பிடலாம்.

இப்ப 14 கிராமுக்கு வருவோம். இது தான் உங்களுக்குப் பிடிக்காத பகுதி.

மிஷின்ல நிரப்பினாலும் சரி, கைல அள்ளிப் போட்டாலும் சரி, ஆயிரம் பாக்கெட் போட்டா ஆயிரமும் சரியா 500 வராது. ஒண்ணு 497 வரும், ஒண்ணு 506 வரும். அது சட்டத்துக்கும் தெரியும். அதனால ஒரு தனி பாக்கெட்டுல எவ்வளவு வரைக்கும் குறையலாம்னு விதில ஒரு அட்டவணையே போட்டு வெச்சிருக்காங்க. 50 கிராம் வரைக்கும் உள்ள பாக்கெட்டுக்கு 9 சதவீதம். 50ல இருந்து 100 வரைக்கும் நாலரை கிராம். 100ல இருந்து 200 வரைக்கும் நாலரை சதவீதம். 200ல இருந்து 300க்குள்ள 9 கிராம். 300ல இருந்து 500 வரைக்கும் 3 சதவீதம். 500ல இருந்து ஒரு கிலோ வரைக்கும் 15 கிராம். அதுக்கு மேல 10 கிலோ வரைக்கும் ஒன்றரை சதவீதம். உங்க பாக்கெட் 500. அதுக்கு 3 சதவீதம் போட்டாலும் 15 தான் வருது. உங்களுக்கு குறைஞ்சது 14. அதாவது ஒரு கிராம்ல அவன் தப்பிச்சுட்டான்! அந்த ஒரு பாக்கெட்டை மட்டும் தூக்கிட்டுப் போனா இன்ஸ்பெக்டர் அட்டவணையைப் பாத்துட்டு எல்லைக்குள்ள இருக்கும்மான்னு தான் சொல்லுவாரு.

இங்கயே நிறைய பேரு விட்டுட்டுப் போயிடறாங்க. நெட்ல தேடினாலும் இந்த அட்டவணை தான் வரும், கம்பெனிக்காரனும் இதைத்தான் காட்டுவான், "சார் அலவன்ஸ் இருக்கு சார்"னு. அலவன்ஸ்ங்கற வார்த்தையே தப்பு. அது இவ்வளவு எடுத்துக்கலாம்னு குடுத்த சலுகை இல்ல. பிழை. தெரியாம நடக்கற பிழைக்கான எல்லை. அதே விதில இன்னொரு பாதி இருக்கு, அதை யாரும் படிக்கறதில்ல. பேக் பண்ற இடத்துல போய் ஒரு லாட்டுல, அதாவது ஒண்ணா பேக் பண்ணி வெச்ச மொத்தத்துல, இருந்து மாதிரிக்கு சில பாக்கெட் எடுத்து எடை போடும்போது, அந்த மாதிரிகளோட சராசரி கவர்ல போட்ட எடைக்குக் குறையக் கூடாது. சராசரி 500 இருக்கணும், இல்ல அதுக்கு மேல இருக்கணும். எல்லையத் தாண்டிக் குறைஞ்சது மாதிரில ஒரு எண்ணிக்கைக்கு மேல இருக்கக் கூடாது, எல்லையோட ரெண்டு மடங்கைத் தாண்டிக் குறைஞ்சது ஒண்ணு கூட இருக்கக் கூடாது.

புரியுதா? 486 ஒண்ணு இருந்தா 514 ஒண்ணு இருக்கணும். எங்கயோ ஒரு வீட்டுல எவனோ ஒருத்தன் 14 கிராம் கூடத் தின்னுக்கிட்டு இருக்கணும். அப்படி இருந்தா அது பிழை. எல்லாப் பாக்கெட்டும் 486, 488, 487னு வந்துச்சுன்னா அது பிழையே இல்ல, அது செட்டிங். தனித்தனியா எல்லாப் பாக்கெட்டும் எல்லைக்குள்ள இருக்கும், மொத்தமாப் பாத்தா குற்றம்.

அந்த செட்டிங்னா என்னன்னு கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இந்த விஷயத்தோட உயிரே அதுல தான் இருக்கு. நான் எத்தனையோ பேக்கிங் யூனிட்டு போயிருக்கேன். சின்ன யூனிட்டுல பொம்பளைங்க வரிசையா உக்காந்து கரண்டில அள்ளிப் போட்டு தராசுல வெச்சு சீலிங் மிஷின்ல ஓட்டுவாங்க. கொஞ்சம் பெரிய இடத்துல கப் ஃபில்லர் இருக்கும், அது எடை பாக்காது, கொள்ளளவு தான் பாக்கும், ஒரு கப் நிறைஞ்சா அடிக் கதவு தொறந்து கீழ விழும். அதுல ஓமப்பொடி ஜாஸ்தி வந்தா எடை குறையும், வேர்க்கடலை ஜாஸ்தி வந்தா எடை கூடும். இன்னும் பெரிய கம்பெனில மேல பத்துப் பதினாலு சின்னச் சின்ன தராசுக் கிண்ணம் வெச்ச மிஷின் இருக்கும், எந்தெந்தக் கிண்ணத்தை சேத்தா 500 வருதுன்னு கணக்குப் போட்டு அதை மட்டும் தொறந்து விடும். எதுவா இருந்தாலும் கொஞ்சம் முன்னப் பின்ன வரத்தான் செய்யும். அப்ப நியாயமான முதலாளி என்ன பண்ணுவாரு, 500 போடணும்னா மிஷினை 504, 505க்கு வெப்பாரு, எது குறைஞ்சாலும் 500க்கு கீழ ரொம்ப போகாத மாதிரி. இந்த கூடப் போற 4, 5 கிராமுக்கு ஃபேக்டரில கிவ்அவேன்னு பேரு. மாசக் கடைசில அக்கவுண்டன்ட் வந்து அண்ணே கிவ்அவே இவ்வளவு போயிருக்குன்னு கணக்கு காட்டுவாரு பாருங்க, அங்க தான் ஆரம்பிக்கும். மொதல்ல 505ஐ 502 ஆக்குவாங்க. அப்புறம் 500. அப்புறம் ஒரு நாள் யாரோ அந்த அட்டவணையைக் காட்டி "15 கிராம் வரைக்கும் பிரச்சனை இல்ல"ன்னு சொல்லுவாங்க. அப்புறம் 490.

கணக்கு போட்டுப் பாருங்க, 10 கிராம் தானே. ஒரு நாளைக்கு 10,000 பாக்கெட் போடற யூனிட்டுன்னா 100 கிலோ. கிலோ 300 ரூபான்னு வெச்சாலும் ஒரு நாளைக்கு 30,000 ரூபா. வருஷத்துல 300 நாள் ஓடினா 90 லட்சம். இதுல திருடு போனது ஒவ்வொரு வீட்டுலயும் 3 ரூபா. 3 ரூபாய்க்கு யாரு ஈரோட்டுல இருந்து லேபர் ஆபீசுக்கு பஸ் ஏறுவா? அந்த தைரியத்துல தான் செய்யறாங்க.

தண்டனை என்னன்னு கேட்டா, 2009 சட்டத்துல 36வது பிரிவு. அதுல ரெண்டு பாகம். கவர்ல போட வேண்டிய விவரம் சரியில்லாம செஞ்சது, வித்தது மொத பாகம், அதுக்கு மொதத் தடவை 25,000 ரூபா வரைக்கும் அபராதம். எடையே குறைச்சு பேக் பண்ணது ரெண்டாவது பாகம், அது தயாரிக்கறவன், பேக் பண்றவன், இறக்குமதி பண்றவன் மேல போறது. மொதத் தடவை 10,000க்கு குறையாம 50,000 வரைக்கும், மறுபடி மாட்டினா 1 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். இப்ப நான் போட்ட கணக்கோட வெச்சுப் பாருங்க. ஒரு நாளைக்கு 30,000 மிச்சம் பண்றவனுக்கு 50,000 அபராதம்னா ரெண்டு நாள் வருமானம் கூட இல்ல. நான் வேலைல இருந்தப்பவே இது எனக்கு உறுத்தல் தான், வெளில சொல்ல முடியாது, இப்ப சொல்றேன். கேஸ் கோர்ட்டுக்கும் போகாம காம்பவுண்டிங்னு பணத்தைக் கட்டி அங்கயே முடிச்சுக்கவும் 48வது பிரிவுல வழி இருக்கு. ஆனா ஒண்ணு, ஒரு தடவை அப்படி முடிச்சவன் 3 வருஷத்துக்குள்ள அதே தப்பைப் பண்ணா மறுபடி அந்த சலுகை கிடையாது, கோர்ட்டுக்குத்தான் போகணும். பெரிய கம்பெனிங்க பயப்படறது அந்த 3 வருஷத்துக்குத்தான், பணத்துக்கு இல்ல. கம்பெனி சார்பா பொறுப்புன்னு ஒரு டைரக்டர் பேரைக் குடுத்திருப்பாங்க, சம்மன்ல அவர் பேரு வரும், அதுக்கும் பயம்.

சரி, அப்ப கடைக்காரர் "நான் பேக் பண்ணல"ன்னு சொன்னது சரியா? பாதி சரி. சீல் பண்ணி கம்பெனில இருந்து வந்த பாக்கெட்டுன்னா எடைக்குப் பொறுப்பு பேக் பண்ணவன் தான், கடைக்காரர் ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரிச்சு எடை போட்டா விக்க முடியும்? ஆனா அவரே மூட்டை வாங்கி கவர்ல போட்டு ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருந்தா அவர் தான் பேக்கர். நம்ம ஊருல பாதிக் கடைல பருப்பு, ரவை, மிளகா அப்படித்தான் இருக்கு. பேக் பண்றவங்க பதிவு பண்ணிக்கணும், கவர்ல பேரு, விலாசம், பொருளோட பேரு, நிகர எடை, பேக் பண்ண மாசம் வருஷம், எம்ஆர்பி, புகார் சொல்ல நம்பர் எல்லாம் இருக்கணும், 2022ல இருந்து ஒரு கிராமுக்கோ கிலோவுக்கோ எவ்வளவு விலைங்கறதும் போடச் சொல்லிட்டாங்க. நிகர எடைன்னா கவர் இல்லாம. அதே மாதிரி "சுமார் 500 கிராம்", "குறைந்தபட்சம்", "சராசரியா" இப்படியெல்லாம் எடைக்கு முன்னாடி வார்த்தை சேக்கக் கூடாது. பேக் பண்ணும்போது இருந்த எடைன்னு போட்டு தப்பிக்கறதும் காஞ்சு எடை குறையற சில பொருளுக்குத்தான் உண்டு, சோப்பு மாதிரி. மிக்சருக்குக் கிடையாது. ஒரு யூனிட்டுல முதலாளி என்கிட்ட "சார் வெயில் காலம், மிக்சர் காஞ்சு எடை குறைஞ்சிருச்சு"ன்னாரு. எண்ணெய்ல பொரிச்சு எடுத்த மிக்சர்ல காயறதுக்கு என்ன இருக்கு? நமத்துப் போனா எடை கூடத்தான் செய்யும்! அவருக்கே சிரிப்பு வந்துருச்சு.

ஸ்வீட் கடை விஷயமும் கேட்டிருக்கீங்க ரெண்டு பேரு. அட்டைப் பெட்டியோட சேத்து எடை போடறது. கடைல உங்க கண்ணு முன்னாடி நிறுத்தறது பொட்டல விதில வராது, ஆனா அதுவும் தப்பு தான், கிலோ 800 ரூபா மைசூர்பாகு விலைக்கு 70 கிராம் அட்டையை விக்கறான்னா 56 ரூபா. வெறும் பெட்டியை தராசுல வெச்சு டேர் பட்டனை அமுக்குங்கன்னு சொல்லுங்க, ஸீரோ காட்டின அப்புறம் ஸ்வீட் போடச் சொல்லுங்க. தீபாவளி கூட்டத்துல சொன்னா பின்னாடி நிக்கறவங்க முறைப்பாங்க, முறைச்சா முறைச்சுட்டுப் போறாங்க.

இப்ப நிஜமா கேஸ் போட்டு ஜெயிச்சவங்க இருக்காங்களான்னா இருக்காங்க. பக்கத்துல திருச்சூர்ல நடந்தது, 2024ல தீர்ப்பு வந்துச்சு, பேப்பர்ல எல்லாம் வந்த விஷயம். ஒருத்தர் பேக்கரில பிரிட்டானியா நியூட்ரி சாய்ஸ் ஆரோரூட் பிஸ்கட் ரெண்டு பாக்கெட் வாங்கினாரு, கவர்ல 300 கிராம். எடை போட்டா ஒண்ணு 268, இன்னொண்ணு 249. இப்ப நம்ம அட்டவணைக்குப் போங்க, 300க்கு 9 கிராம் தான் எல்லை. இங்க குறைஞ்சது 32, 51. எல்லையோட ரெண்டு மடங்கே 18 தான். தப்பிக்க வழியே இல்ல. ஆனா அவர் ஜெயிச்சது இதனால மட்டும் இல்ல. அவர் வீட்டுத் தராசோட நிக்காம திருச்சூர் லீகல் மெட்ராலஜி ஆபீஸ்ல புகார் குடுத்து, அவங்க எடை போட்டு சரிபாத்த அப்புறம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாரு. இழப்பீடு 50,000, செலவுக்கு 10,000 குடுக்கச் சொல்லி உத்தரவு. அதோட விடல, கேரளா முழுக்க பொட்டலப் பொருளோட எடையை சோதிக்கச் சொல்லி மெட்ராலஜி கன்ட்ரோலருக்கும் சொன்னாங்க. எனக்கு அந்த 60,000த்தை விட இந்தக் கடைசி வரி தான் பெரிசாத் தெரியுது, ஏன்னா சராசரியைக் கண்டுபிடிக்கற வேலை ஒரு தனி ஆளால ஆகாது.

நம்ம திருவள்ளூர் மாவட்டத்துல 2023ல இன்னொண்ணு. ஐடிசியோட சன்ஃபீஸ்ட் மேரி லைட், கவர்ல 16 பிஸ்கட்னு போட்டிருக்கு, உள்ள 15 தான் இருந்துச்சு. வாங்கினவர் தெருவுல திரியற பிராணிகளுக்குப் போடத்தான் வாங்கியிருக்காரு. கம்பெனி சொன்னது, நாங்க எண்ணிக்கைல விக்கல, எடைல தான் விக்கறோம், 76 கிராம். சரின்னு எடை போட்டா 74. உடனே அந்த நாலரை கிராம் எல்லையைக் காட்டினாங்க. ஆணையம் ஒத்துக்கல, அந்த சலுகை எடை மாறக் கூடிய பொருளுக்குத்தான், பிஸ்கட்டுக்கு இல்லைன்னு சொல்லி 1 லட்சம் இழப்பீடும் 10,000 செலவும் போட்டாங்க. என் மனசுல பட்டதை சொல்றேன், அட்டவணைல பிஸ்கட்டு, மிக்சர்னு பிரிச்சு ஒண்ணும் இல்ல, அதனால அந்தக் காரணம் எனக்கு அவ்வளவு உறுதியாத் தெரியல. ஆனா 16ன்னு அச்சடிச்சுட்டு 15 போட்டா அது தப்பான லேபிள், அதுக்கு எந்த அட்டவணையும் காப்பாத்தாது. ரெண்டுமே மாவட்ட ஆணையத் தீர்ப்பு, மேல மாநில ஆணையம்னு ஒண்ணு இருக்குங்கறதையும் மனசுல வெச்சுக்கோங்க.

எண்ணெய் பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா இது எடைக் குறைவுலயே கெட்டிக்காரத்தனமான வேலை. எண்ணெய் சூடானா விரியும். சோயா எண்ணெய் ஒரு லிட்டர் 21 டிகிரில 919 கிராம் இருக்கும், 60 டிகிரில அதே ஒரு லிட்டர் 892.6 கிராம் தான். கம்பெனிக்காரங்க கவர்ல பொடி எழுத்துல "60 டிகிரி செல்சியஸ்ல 1 லிட்டர்"னு போட்டு 26 கிராம் சுருட்டிக்கிட்டு இருந்தாங்க. பொய்யும் இல்ல, எந்த வீட்டுலயும் எண்ணெய் 60 டிகிரில இருக்கறதும் இல்ல. 2022 ஆகஸ்ட்ல மத்திய அரசு வெப்பநிலை எல்லாம் போடாதீங்க, அளவும் எடையும் பொருந்தற மாதிரி போடுங்கன்னு சொல்லி 2023 ஜனவரி 15 வரைக்கும் டைம் குடுத்தாங்க. அதனால இப்ப எண்ணெய் பாக்கெட் வாங்கும்போது லிட்டரைப் பாக்காதீங்க, கிராமைப் பாருங்க. 10 ரூபா பிஸ்கட் பாக்கெட் வருஷா வருஷம் சின்னதாகுதே, அது குற்றமான்னும் ஒரு தம்பி கேட்டிருக்காரு. இல்லப்பா, கவர்ல போட்ட கிராம் உள்ள இருந்தா சட்டப்படி ஒண்ணும் பண்ண முடியாது. வயித்தெரிச்சல் தான்.

இப்ப தங்கச்சி, உங்க விஷயத்துக்கு. நீங்க பிரிச்ச பாக்கெட் முடிஞ்சு போச்சு, அதை விட்டுடுங்க. பிரிச்ச பாக்கெட்டை எந்த அதிகாரியும் எடுத்துக்க மாட்டாரு, நீங்க ஒரு கைப்பிடி எடுத்துத் தின்னிருக்க மாட்டீங்கன்னு அவருக்கு எப்படித் தெரியும். அதே மாதிரி உங்க கேக் தராசும் சாட்சி ஆகாது. அந்த சின்னத் தராசு பேட்டரி இறங்கினா ஒண்ணு காட்டும், மேடை சாஞ்சிருந்தா ஒண்ணு காட்டும். கடைல வெக்கிற தராசுக்கு வருஷா வருஷம் சோதிச்சு முத்திரை போடணும், பக்கத்துல ஈயத்துல சீல் இருக்கும், அதுல வருஷமும் எந்தக் காலாண்டுன்னு ஏ, பி, சி, டின்னு ஒரு எழுத்தும் இருக்கும். தெரிஞ்ச கடைல முத்திரை நடப்புல இருக்கான்னு பாத்துட்டு, ரெண்டாவது பாக்கெட்டைப் பிரிக்காம அப்படியே அதுல வெச்சுப் பாருங்க. கவர் 5 கிராம்னு உங்களுக்குத் தெரியும், கழிச்சுக்கோங்க. அதுவும் 490க்கு கீழ வந்துச்சுன்னா அதே கடைல அதே பேட்ச் நம்பர்ல இன்னும் ரெண்டு மூணு பாக்கெட் வாங்குங்க, வேற கடைல ஒண்ணு வாங்குங்க. காசு செலவு தான், ஆனா மிக்சர் தானே, வீணாப் போகாது. எல்லாம் ஒரே பக்கமா குறைஞ்சா அது தான் உங்க கேஸ். ஒண்ணு கூடவும் ஒண்ணு குறைவாவும் வந்தா அந்தாளு யோக்கியன், உங்க அதிர்ஷ்டம் சரியில்ல, அவ்வளவு தான்.

பில்லு கண்டிப்பா வேணும். சிட்டுல எழுதிக் குடுத்தா கூட பரவால்ல, கடைப் பேரு, தேதி இருக்கணும். அதை எடுத்துக்கிட்டு நான் சொன்ன லேபர் ஆபீசுக்குப் போங்க, எழுத்துல குடுங்க, ரசீது வாங்குங்க. எழுதும்போது "எனக்கு 14 கிராம் குறைஞ்சது"ன்னு எழுதாதீங்க. "இந்த பேட்ச்ல நான் எடை பார்த்த 4 பாக்கெட்டும் குறைவா இருக்கு, பேக் பண்ற இடத்துல சராசரி எடை சோதிக்கணும்"னு எழுதுங்க. இந்த ஒரு வரி தான் வித்தியாசம். மொதல் மாதிரி எழுதினா கடைக்கு ஒரு தரம் போய்ட்டு வந்து ஃபைலை மூடிடலாம். ரெண்டாவது மாதிரி எழுதினா யூனிட்டுக்குப் போகாம பதில் சொல்ல முடியாது. உண்மைய சொல்லணும்னா எங்க டிபார்ட்மென்ட்ல ஆய்வுன்னு போனா லேபிள்ல எழுத்து சின்னதா இருக்கு, மாசம் போடல, போன் நம்பர் இல்லைன்னு போடற கேஸ் சுலபம், நின்ன இடத்துல முடிஞ்சிரும். எடை சோதிக்கறதுன்னா யூனிட்டுல போய் உக்காந்து மாதிரி எடுத்து, ஒவ்வொண்ணா எடை போட்டு, காலிக் கவரை எடை போட்டு கழிச்சு, படிவத்துல எழுதி, முதலாளி கையெழுத்து வாங்கி, அரை நாள் போயிரும். ஒரு இன்ஸ்பெக்டருக்கு அதே நாள்ல தராசு முத்திரை கேம்ப் இருக்கும், கோர்ட்டுல சாட்சி இருக்கும். அதனால யாராவது எழுத்துல கேட்டாத்தான் அந்த அரை நாள் ஒதுக்குவாங்க. நானும் அப்படித்தான் இருந்தேன், மறைக்க என்ன இருக்கு.

இழப்பீடும் வேணும்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், கம்பெனி எங்க இருந்தாலும். பொருளுக்கு நீங்க குடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா கோர்ட் ஃபீஸ் கிடையாது, வக்கீல் இல்லாம நீங்களே பேசலாம், இ-ஜாக்ரிதின்னு ஆன்லைன்லயும் போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். ஆனா லேபர் ஆபீஸ் ரிப்போர்ட் கைல இல்லாம அங்க போகாதீங்க. போனீங்கன்னா கம்பெனி வக்கீல் எழுந்து மொதல்ல கேக்கறது, எந்தத் தராசுல போட்டீங்க அம்மா, முத்திரை இருக்கான்னு.

அந்த ரெண்டாவது பாக்கெட்டை இன்னிக்கே எடுத்து பீரோவுல வெச்சுடுங்க. வீட்ல பசங்க இருக்காங்கன்னு மெசேஜ்ல சத்தம் கேட்டுச்சு, டப்பா காலியானா அவங்க கண்ணு அது மேல தான் போகும்.

சரிங்க, அடுத்து பெட்ரோல் பங்குல 5 லிட்டர் கேன் கேட்டு அளந்து பாக்கலாமான்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. தாராளமா கேக்கலாம், எப்படின்னு அடுத்த வீடியோல சொல்றேன்.